உடையும் இடத்தை முதலில் சொல்லுங்கள்

தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரிக்குள் வரும்போது சாலையோரத்து மின்கோபுரங்களைக் கவனித்துப் பாருங்கள். எந்தக் கோபுரத்திலும் கனமான ஒற்றைத் தூண் இருக்காது. மெல்லிய இரும்புக் கோணச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். வாரச்சந்தைக் கொட்டகைக்குள் நின்று அண்ணாந்தால் தகரக் கூரைக்கு அடியிலும் அதே முக்கோணங்கள்தான். நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கினால், ஒரு மூலையை விரலால் தள்ளியதும் அது சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சிகளின் முக்கோணத்தை அப்படிச் சாய்க்க முடியாது. ஏதாவது ஒரு குச்சி நீண்டாலோ குறுகினாலோதான் அதன் வடிவம் மாறும். ஆடுகிற பெஞ்சுக்குத் தச்சர் குறுக்குக்கட்டை அடிப்பது இதனால்தான். ஒகேனக்கல் பரிசல் இதற்கு நேர் எதிரான கட்டமைப்பு. மூங்கில் பிளாச்சுகள் வளைந்துகொடுப்பதே அதற்குப் பலம். சட்டகப் பாலத்தில், அதாவது பொறியாளர்கள் ‘டிரஸ்’ என்று சொல்லும் முக்கோணப் பின்னலில், எந்த உறுப்பும் வளையக் கூடாது. ஒவ்வொன்றும் ஒன்று இழுபட வேண்டும், அல்லது அமுக்கப்பட வேண்டும். எந்தக் குச்சி இழுபடுகிறது, எது அமுக்கப்படுகிறது, எவ்வளவு என்பதைப் பாலம் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். இந்த வடிவம் மனிதனுக்குத் தந்த பெரிய வசதி அதுதான்.

அந்த வசதியை மாணவர்களுக்குக் கற்றுத்தரவே மாதிரிப் பாலப் போட்டிகள் நடக்கின்றன. மாணவர்கள் அணி அணியாகச் சேர்ந்து ஐஸ் குச்சியிலோ பால்சா மரத்திலோ ஒரு பாலம் செய்கிறார்கள். நடுவில் எடை ஏற்றி உடைக்கிறார்கள். தாங்கிய எடையைப் பாலத்தின் சொந்த எடையால் வகுத்து, அதிக எண் பெற்ற அணிக்குப் பரிசு தருவது வழக்கமான விதி. செட்டிக்கரையில் 2013இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களும் செய்யலாம், பென்னாகரத்திலோ அரூரிலோ பிளஸ் ஒன் இயற்பியல் படிப்பவர்களும் செய்யலாம். அவ்வளவு குறைந்த செலவுதான் ஆகும். ஆனால் பரிசுக்குரிய அந்த எண் ஒன்றை மறைத்துவிடுகிறது. தற்செயலாக வலுவாக அமைந்த பாலத்தையும், புரிந்து கட்டிய பாலத்தையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. எனவே எடை ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு அணியும் எத்தனை கிலோவில், எந்தக் குச்சியில், எந்த விதமாகப் பாலம் உடையும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுதான் பாலத்தை அறிவியல் சோதனையாக்குகிறது. இந்த அத்தியாயத்தின் வாதம் இது.

ஒரு பாலத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். இடைவெளி 60 சென்டிமீட்டர். பக்கம் 10 சென்டிமீட்டர் கொண்ட சமபக்க முக்கோணங்களை வரிசையாக அடுக்கினால், கீழ்வரிசையில் 6 குச்சிகள், மேல்வரிசையில் 5, இரண்டையும் இணைக்கும் சாய்வுக் குச்சிகள் 12, ஆக மொத்தம் 23. அவை சந்திக்கும் மூட்டுகள் 13. மூட்டுகளின் எண்ணிக்கையை இரட்டித்து 3 கழித்தால் குச்சிகளின் எண்ணிக்கை வர வேண்டும் என்ற கணக்கை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1864இல் விளக்கினார். 26இல் 3 போனால் 23, சரியாக இருக்கிறது. ஒரு குச்சி குறைந்தால் சட்டகம் மடங்கும். கீழ்வரிசையின் நடு மூட்டில் 10 கிலோ தொங்கவிடுவோம். இரு முனைகளும் ஆளுக்கு 5 கிலோ தாங்குகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு கணக்கிட்டால், மேல்வரிசையின் நடுக்குச்சியில் 17.3 கிலோ அமுக்கமும், கீழ்வரிசையின் நடுக்குச்சிகளில் 14.4 கிலோ இழுப்பும், சாய்வுக் குச்சிகளில் 5.8 கிலோவும் வரும். பாலத்தின் ஒவ்வொரு பாதியிலும் சாய்வுக் குச்சிகளில் ஒன்றுவிட்டு ஒன்று இழுபடும், மற்றவை அமுக்கப்படும். தொங்கவிட்டது 10 கிலோதான் என்றாலும் ஒரு குச்சி 17 கிலோவுக்கு மேல் சுமப்பது முதலில் வியப்பாக இருக்கும். சட்டகத்தின் உயரம் குறைவாக இருப்பதன் விலை அது. உயரத்தைக் கூட்டினால் மேல், கீழ் வரிசைகளில் விசை குறையும். ஆனால் சாய்வுக் குச்சிகள் நீளும், நீண்ட குச்சி வேறொரு தொல்லையைக் கொண்டுவரும்.

அந்தத் தொல்லையைக் காண ஆய்வகம் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஓர் ஐஸ் குச்சியைத் தராசின் மேல் செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். எண் ஏறும்: 2 கிலோ, 4, 5. பிறகு ஒரு கணத்தில் குச்சி வில்லாகப் பக்கவாட்டில் புடைக்கும். அதற்கு மேல் கையை எவ்வளவு தாழ்த்தினாலும் தராசின் எண் ஏற மறுக்கும். வளைவு மட்டும் கூடிக்கொண்டே போகும். மரம் நொறுங்கவில்லை, நார் அறுபடவில்லை, கையை எடுத்தால் குச்சி நேராகிவிடும். ஆனாலும் சுமை தாங்கும் வேலையை அது கைவிட்டுவிட்டது. இதைப் பொறியாளர்கள் பக்ளிங் என்கிறார்கள். நாம் நெளிவு என்று சொல்லலாம். நெளிவுச் சுமைக்குக் கணக்குத் தந்தவர் 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர். அவருடைய சூத்திரத்தில் குச்சியின் நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை கால்பங்காகும். தடிமன் இரட்டித்தால் சுமை எட்டு மடங்காகும். மரத்தின் விறைப்பைச் சதுர மில்லிமீட்டருக்கு 10,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு நெளிவுச் சுமை 6.7 கிலோ வருகிறது. அதே குச்சியை நாரின் போக்கில் இழுத்தால், சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும் 80 கிலோ தாங்கும். ஒரே குச்சி, இழுத்தால் 80, அமுக்கினால் 7.

இப்போது சீட்டை எழுதிவிடலாம். மேல்வரிசை நடுக்குச்சி தன் மேல் வரும் 1.73 மடங்கு விசையால் 6.7 கிலோவை எட்டும்போது நெளியும். அதாவது ஒற்றைக் குச்சிகளால் ஆன இந்தச் சட்டகம் 3.9 கிலோவில் தோற்கும். பாலத்தை வலுப்படுத்த அணியிடம் இன்னும் ஒரு டஜன் குச்சிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எடை கீழே தொங்குவதால் கீழ்ப்பக்கம்தான் பலவீனம் என்று உள்ளுணர்வு சொல்லும். அதை நம்பி, இழுபடும் 12 குச்சிகளையும் (கீழ்வரிசை 6, சாய்வு 6) இரட்டையாக ஒட்டினால் என்ன ஆகும்? பாலத்தின் எடை பாதிக்கு மேல் கூடும். தாங்குதிறனோ அதே 3.9 கிலோவில் நிற்கும். மாறாக, அமுக்கப்படும் 11 குச்சிகளை மட்டும் இரட்டையாக்கினால், ஒவ்வொன்றின் நெளிவுச் சுமையும் 53 கிலோவைத் தாண்டும். சட்டகத்தின் கணக்குத் தாங்குதிறன் 31 கிலோவாக உயரும். எந்தக் குச்சி இழுபடுகிறது, எது அமுக்கப்படுகிறது என்ற அறிவு மட்டுமே இந்த எட்டு மடங்கைத் தந்தது. அந்த அறிவு அணியிடம் இருந்ததா, அதிர்ஷ்டம் இருந்ததா என்பதைப் போட்டியின் இறுதி எண் சொல்லாது. முன்கூட்டி எழுதிய சீட்டு சொல்லும்.

31 கிலோ வரை உண்மையில் பாலம் போகுமா என்று கேட்டால், பெரும்பாலும் போகாது. காரணம் மூட்டு. கணக்கில் மூட்டு என்பது ஒரு புள்ளி. கையில் அது இரண்டு குச்சிகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து ஒட்டியிருக்கும் ஒரு சதுர சென்டிமீட்டர் பசை. கீழ்வரிசையில் 31 கிலோவுக்கு ஏறத்தாழ 45 கிலோ இழுப்பு வரும். அவ்வளவும் அந்தப் பசைப் பரப்பின் வழியாகத்தான் அடுத்த குச்சிக்குப் போக வேண்டும். அதுவும் குச்சிகள் ஒரே கோட்டில் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால், இழுப்பு மூட்டை முறுக்கி உரிக்கவும் பார்க்கும். எனவே நல்ல சீட்டில் மூன்றாவது வரி ஒன்று இருக்கும்: குச்சி நெளிவதற்கு முன் மூட்டு உரியுமா? உண்மையான பாலங்களில் இந்தக் கேள்வியைத் தவறவிட்டதன் விலை பெரிது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த ஐ-35டபிள்யூ சட்டகப் பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று மாலை நெரிசல் நேரத்தில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். விசாரணையில் குற்றவாளியாக நின்றது உறுப்புகளை இணைக்கும் தகடு. அரை அங்குலத் தடிமனில் இருந்த அந்தத் தகடுகளுக்கு ஏறத்தாழ அதன் இரு மடங்கு தடிமன் தேவைப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்ட புகைப்படங்களில் அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிந்தது. படம் இருந்தது, அதன் பொருள் யாருக்கும் எட்டவில்லை.

கண்ணால் கண்டும் பொருள் புரியாமல் போவதற்கு அதைவிடக் கொடிய சான்று கனடாவின் கியூபெக் பாலம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பிரம்மாண்டச் சட்டகம் 1907 ஆகஸ்ட் 29 அன்று சரிந்தது. 75 தொழிலாளர்கள் மாண்டார்கள். அமுக்கப்படும் கீழ் உறுப்பு ஒன்று நெளிந்ததில் தொடங்கியது அந்த வீழ்ச்சி. தராசின் மேல் நாம் நிறுத்திய குச்சிக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்ந்தது. சரிவதற்கு இரண்டு நாள் முன்பே அந்த உறுப்பு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளைந்திருந்ததை அளந்திருக்கிறார்கள். அளந்த பின் நடந்தது விவாதம். வளைவு புதிதா, பாகம் வரும்போதே இருந்ததா என்று கருத்து வேறுபட்டது. எடை ஏற்றுவதை நிறுத்தச் சொல்லும் முடிவு பாலத்தை அடைவதற்குள் பாலம் இல்லை. இன்ன உறுப்பு இன்ன சுமையில் இவ்வளவுதான் வளையலாம் என்ற எண் தளத்தில் இருந்தவர்கள் கையில் இருந்திருந்தால், ஐந்து சென்டிமீட்டர் என்பது விவாதப் பொருளாக இருந்திருக்காது, அபாய மணியாக இருந்திருக்கும். முன்கணிப்பின் பயன் இதுதான்: அளவீட்டுக்கு அது பொருள் தருகிறது.

இங்கே சில மறுப்புகள் எழுவது நியாயம். மரம் இரும்பைப் போல ஒரே சீராக இருக்காது, ஒரு குச்சியில் நார் நேராக ஓடும், இன்னொன்றில் கோணி ஓடும், அப்படியிருக்க 3.9 கிலோ என்று எழுதச் சொல்வது ஜோசியம் கேட்பதாகாதா என்பது முதல் மறுப்பு. ஒற்றை எண்ணைக் கேட்டால் அது ஜோசியம்தான். அதனால் எல்லையைக் கேட்க வேண்டும். ஒரு பாக்கெட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது குச்சிகளை எடுத்துத் தராசில் நிறுத்திப் பார்த்தால், மிகக் குறைந்த எண்ணும் மிக அதிக எண்ணும் கையில் கிடைக்கும். அதை வைத்து, பாலம் இந்த எடைக்கும் அந்த எடைக்கும் இடையில் தோற்கும் என்று எழுதலாம். பொருளின் சீரின்மை முன்கணிப்புக்குத் தடையில்லை. முன்கணிப்புக்குள் அடங்க வேண்டிய செய்தி அது. சிமென்ட், கம்பி, செங்கல் எல்லாவற்றையும் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே கட்டடத்தில் சேர்ப்பதன் காரணமும் இதே சீரின்மைதான். இருபது குச்சிகளைச் சோதித்த மாணவருக்கு அந்த விதிமுறைகள் வெறும் காகித நடைமுறையாகத் தோன்றாது.

கணினி மென்பொருள் ஒரு நொடியில் எல்லா விசைகளையும் சொல்லும்போது குச்சி ஒட்டுவது எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. மென்பொருள் சொல்வதும் ஒரு முன்கணிப்புதான். அதையும் சீட்டில் எழுதலாம், தடையில்லை. ஆனால் மூட்டைப் புள்ளியாகவும், குச்சியை மிக நேராகவும், சுமை மிகச் சரியாக நடுவிலும் இருப்பதாகவும் நாம் கொடுத்த படத்தைத்தான் அது நம்பும். பசை காயாததும், மேல்வரிசைக்குப் பக்கவாட்டில் குறுக்குப் பிணைப்பு இல்லாததும் அதற்குத் தெரியாது. கணக்குக்கும் உடைந்த பாலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்று தேடும்போதுதான் மாணவர் படிப்பு தொடங்குகிறது. வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா ரயில் பாலத்துக்காக வில்லியம் ஃபேர்பேர்ன் 1840களில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள இரும்பு மாதிரி செய்து உடைத்தபோது, உடைந்த இடத்தை மட்டும் வலுப்படுத்தி அதே மாதிரியை மறுபடி மறுபடி சோதித்தார். ஒவ்வொரு உடைவும் அடுத்த பலவீனத்தைக் காட்டியது. நம் போட்டிகளில் பாலம் ஒருமுறை உடைந்ததும் கைத்தட்டலோடு குப்பைக்குப் போகிறது. செய்தியின் பாதி அதோடு போய்விடுகிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. அறுபது சென்டிமீட்டர் பொம்மையிலிருந்து அறுபது மீட்டர் பாலத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? 1638இல் கலிலியோ எழுதிய உண்மை இங்கே குறுக்கே நிற்கிறது. எல்லா அளவுகளையும் நூறு மடங்கு பெருக்கினால், எடை பத்து லட்சம் மடங்கு கூடும். அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ பத்தாயிரம் மடங்குதான் கூடும். சொந்த எடையால் வரும் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரின் மேலும் விழும் விசை, நூறு மடங்காகிவிடும். தன் எடையைப் போல நூறு மடங்கு சுமக்கும் மாதிரி, பெரிதாக்கினால் தன்னையே சுமக்கத் திணறும். எனவே தாங்கிய எடையைச் சொந்த எடையால் வகுத்த அந்தப் பரிசு எண், பெரிய பாலத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கியூபெக்கில் இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டியபோது, கூடிய சொந்த எடையை உரிய நேரத்தில் மறுபடி கணக்கிடாததும் வீழ்ச்சிக்கு ஒரு காரணம். ஆனால் மாதிரியிலிருந்து பெரிய பாலத்துக்கு அப்படியே கடந்துபோவதும் உண்டு: எந்த உறுப்பு இழுபடும், எது அமுக்கப்படும், எந்த விகிதத்தில், நீளம் கூடினால் நெளிவு எப்படி முந்தும் என்பவை. அளவு மாறினாலும் வடிவம் மாறாதவரை இவை மாறுவதில்லை. மறுப்பு உண்மைதான், அது அடித்து வீழ்த்துவது பரிசு எண்ணை, சீட்டை அல்ல.

ஆற்றைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தோற்றபோது, முதலில் விழுந்தவை ஆற்றுக்குள் நின்ற தூண்கள். தூண் போனதால்தான் மேலிருந்த இரும்பும் போனது. தர்மபுரி மாவட்டத்தின் வழியாகவே ஓடும் தென்பெண்ணையின் வேகத்தை 2024 டிசம்பர் தொடக்கத்தில் நாம் பார்த்தோம். ஃபெங்கல் புயலின் மழையில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டியது; கீழே திருவண்ணாமலை மாவட்டத்தில், திறந்து சில மாதங்களே ஆன பாலம் ஒன்றை அந்த ஆறு அடித்துச் சென்றது. இரண்டு மேசைகளுக்கு நடுவே வைத்து மணல் ஏற்றும் நம் மாதிரிக்கு, தூணின் அடிமண்ணை நீர் அரிப்பது என்றால் என்னவென்று தெரியாது. ஆகவே சீட்டின் கடைசியில் ‘இந்தச் சோதனை எதைச் சோதிக்கவில்லை’ என்றும் ஒரு வரி இருக்க வேண்டும். ஆறு, காற்று, துரு, ஆண்டுக்கணக்கில் ஓடும் லாரிகளால் வரும் உலோகச் சோர்வு என்று அந்த வரி நீளும். தன் சோதனையின் எல்லையை எழுதத் தெரிந்தவர் கையில் பெரிய பாலத்தை நம்பிக் கொடுக்கலாம்.

உண்மையான பாலங்களைச் சோதிக்கும் முறையும் இந்த வாதத்தின் பக்கமே நிற்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஒரு சாலைப் பாலத்தை எடை ஏற்றிச் சோதிக்கும்போது யாரும் அதை உடைப்பதில்லை. எடை ஏற்றினால் எவ்வளவு தாழ வேண்டும் என்று முன்பே கணக்கிட்டு வைத்து, உண்மையில் எவ்வளவு தாழ்ந்தது என்று அளக்கிறார்கள். எடையை இறக்கி 24 மணி நேரம் கழித்து, கம்பிக் காங்கிரீட் பாலமானால் தாழ்ந்ததில் குறைந்தது 75 சதவீதமும், கம்பிகளை முன்பே இழுத்து இறுக்கிய முன்தகைவுப் பாலமானால் 85 சதவீதமும் மீண்டிருக்க வேண்டும். தேர்ச்சியை முடிவுசெய்வது முன்பே சொன்ன எண்ணோடு அளந்த எண்ணை வைத்துப் பார்க்கும் ஒப்பீடு. மாணவர் அணியும் இதையே செய்யலாம். ஒரு வாளி, மணல், ஒரு டம்ளர், பாலத்தின் நடுவில் செங்குத்தாகக் கட்டிய அளவுகோல் போதும். ஒவ்வொரு டம்ளர் மணலுக்கும் ஒருவர் தாழ்வைப் படிக்க, ஒருவர் எழுத, ஒருவர் மேல்வரிசையை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும். வரைபடம் நேர்கோடாக ஏறும்வரை பாலம் கணக்குக்குள் இருக்கிறது. கோடு வளையத் தொடங்கினால் எங்கோ பசை நழுவுகிறது, அல்லது ஒரு குச்சி புடைக்கத் தொடங்கிவிட்டது. உடையும் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் அணி அதை முன்பே கண்டுகொள்ளும்.

மதிப்பெண்ணையும் அதற்கேற்ப மாற்றலாம்: பாதி பாலத்துக்கு, பாதி சீட்டுக்கு. குறைந்த எடை தாங்கினாலும், சொன்ன இடத்தில், சொன்ன எல்லைக்குள், சொன்ன விதமாக உடைந்த பாலத்தைக் கட்டிய அணியை மேடைக்கு அழைக்கலாம். அணியாக வேலை செய்வதன் பொருளும் இதனால் கூடும். எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால், குச்சியா மூட்டா என்று அணிக்குள் வாதம் நடந்தே தீரும். கணக்குப் போட்டவரும் குச்சி ஒட்டியவரும் ஒருவர் வேலையை மற்றவர் கேள்வி கேட்டே ஆக வேண்டும். சோதனை முடிந்ததும் உடைந்த குச்சியை எறிந்துவிடாமல், முன்பு எழுதிய சீட்டோடு சேர்த்து ஓர் உறையில் போட்டுத் தேதியிட்டு அலமாரியில் வைக்கலாம். அடுத்த ஆண்டு வரும் அணி பசை டப்பாவைத் திறப்பதற்கு முன் அந்த உறையைத் திறக்கட்டும்.